முதுகில் இரண்டு மயில்

செல்வராஜுவின் வாயில் முப்பத்திரண்டு பற்களும் பத்திரமாக இருந்தன. ஆனாலும் கடந்த இரண்டு ஆண்டுகளில் அவர் இருபத்தாறு முறை பல் வைத்தியரிடம் போய்வந்ததாக அலுவலகக் கோப்பு சொன்னது. நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில் 'பல்'. கேமரன் மலையின் தானா ராத்தாவில் அவர் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் இதைப் பற்றி யாரும் துருவிக் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை பக்கத்து மேசைக்காரர் முறுக்கை நீட்டி, "கடிக்க முடியுமாலா, இல்ல ஊறவெச்சுத் தரவா?" என்று அக்கறையாக விசாரித்தார். செல்வராஜு தேநீரில் ஊறவைத்தே தின்றார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கேற்றபடிதான் சாப்பிடவும் வேண்டியிருக்கிறது.

உண்மையில் அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அவர் மலையிறங்கிப் போனது வேறொரு வைத்தியரிடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தவர், மூன்றாவது பொத்தானோடு நின்றுவிட்டார். நான்காவதைப் போடுவதற்கு ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை. பத்து மணிவரை கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி பரமேஸ்வரி வந்து பார்த்தாள். எதுவும் கேட்காமல் மீதிப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, காரில் ஏற்றிக்கொண்டு கீழே போனாள். வைத்தியர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார், மாத்திரை வேலை செய்தது. இப்போது பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போடப்படுகின்றன. இந்த விஷயம் பரமேஸ்வரிக்கும் அந்த வைத்தியருக்கும் பூசையறை முருகனுக்கும் மட்டுமே தெரியும். மூவருமே வாய் திறக்காதவர்கள்.

இப்படிப்பட்ட செல்வராஜுவைத்தான், கேமரன் மலைத் தமிழர் மனநல வெட்கம் நீக்கும் குறும்படச் செயற்குழுவுக்குச் செயலாளராகப் போட்டார்கள்.

குழுவின் தலைவர் ஆண்டியப்பன். கியா பார்மில் காய்கறியும் பூவும் மொத்த வியாபாரம் செய்பவர். தோட்டத்துக் கோயிலுக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் ஈமச்சடங்கு உதவி மன்றத்துக்கும் பூப்பந்துக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். அதனால் மலையில் அவரை எல்லோரும் 'தலைவர்' என்றே அழைத்தார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்கும் தொல்லை இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மனநோயைப் பற்றி மக்களுக்குள்ள வெட்கத்தைப் போக்க ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். வெட்கம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதை ஐந்தாம் இணைப்பில் நிரப்ப வேண்டும்.

கோயில் மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் தலைவர் உணர்ச்சியோடு பேசினார். "இந்த நோய்க்கு நாம வெக்கப்படக் கூடாது. பயப்படக் கூடாது. பகிரங்கமாப் பேசணும். ஆனா ஒன்னு, படத்துல அந்த வார்த்தைய மட்டும் சொல்ல வேணாம். குடும்பத்தோட பாக்குற படம்."

ஆகவே 'மனநோய்' என்ற சொல் ஒருமனதாக நீக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் 'மனச்சோர்வு' நீக்கப்பட்டது. வெறும் 'சோர்வு' மட்டும் எஞ்சியபோது, காய்கறித் தோட்ட முதலாளிகள் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு கவலை எழுந்தது. கடைசியில் தலைவரே வழி சொன்னார். கதாநாயகனுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது மரியாதையான வியாதி, தனக்கே இருக்கிறது என்றார். செல்வராஜு கதையை ஒன்பது முறை திருத்தி எழுதினார். ஒன்பதாவது பிரதியில் நோயாளி இருந்தான், வைத்தியர் இருந்தார், நோய் மட்டும் இல்லை. வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சிரித்துப் பழகுங்கள், சரியாகிவிடும்" என்பார். படத்துக்கு 'சிரித்தால் போதும்' என்று தலைவர் பெயர் வைத்தார்.

மூன்றாம் கூட்டத்தன்று கங்கா வந்தாள். கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். அவள் புருஷன் வீரப்பன் அதே தோட்டத்தில் லோரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன். ஒன்றரை மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், பேசுவதில்லை, குளிப்பதில்லை. செய்வினை என்று யாரோ சொல்ல, இரண்டு இடங்களில் எலுமிச்சம்பழம் அறுத்துப் பார்த்தாகிவிட்டது. முதலாளி இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் மண்டப வாசலில் நின்றபடியே கங்கா சொல்லி முடித்தாள்.

தலைவர் பரிவோடு கேட்டுக்கொண்டார். "அம்மா, நாங்க வெக்கத்தப் போக்குற குழு. வியாதியப் பாக்குறது வேற டிப்பார்ட்மெண்டு. மொதல்ல வெக்கம் போவட்டும், பொறுமையா இரு."

கங்கா செல்வராஜுவின் பக்கம் திரும்பினாள். தோட்டப் புறத்தில் பேனா பிடித்தவர் எல்லோருமே இன்னும் கிராணிதான். "கிராணி, நீங்க படிச்சவங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச டாக்டரு யாராச்சும் இருக்காங்களா?"

செல்வராஜுவுக்குத் தெரியும். வைத்தியரின் பெயர் தெரியும், எந்தக் கிழமை என்று தெரியும், எத்தனை மணிக்குப் போனால் வரிசை சின்னதாக இருக்கும் என்று தெரியும். அங்கே சன்னலோரம் மூன்றாவது நாற்காலி ஆடும் என்பதும், பிரேமலா என்ற தாதி பெயரைக் கூவி அழைக்காமல் பக்கத்தில் வந்து மெல்லச் சொல்வாள் என்பதும்கூடத் தெரியும்.

"விசாரிச்சுச் சொல்றேன்மா" என்றார்.

கூட்டக் குறிப்பில் அன்று அவர் எழுதினார்: 'பொதுமக்களின் ஆர்வம் பெருகி வருகிறது.'

அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பரமேஸ்வரியிடம் சொன்னார். "விசாரிக்க என்னா இருக்கு?" என்றாள் அவள். "டாக்டரு நம்பர் ஐஸ்பெட்டி மேல ஒட்டியிருக்கு."

அவருக்கும் அது புரியாமலில்லை. ஆனால் நம்பரைக் கொடுத்தால், எப்படித் தெரியும் என்று கங்கா கேட்பாள். கேட்காவிட்டாலும் யோசிப்பாள். யோசித்தால் தண்ணீர்க் குழாயடியில் சொல்வாள். அதனால் செல்வராஜு ஒரு முடிவுக்கு வந்தார். படம் வெளிவந்ததும் மலையில் வெட்கம் போய்விடும். போனபிறகு நிம்மதியாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குறும்படத்தை மனமார நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அடுத்து, நோயாளியாக நடிக்க ஆள் தேட வேண்டியிருந்தது. போன வருடக் கோயில் நாடகத்தில் அசுரன் வேடத்துக்குப் பதின்மூன்று பேர் போட்டியிட்டார்கள். பிணமாக நடிக்க ஒருவர் சொந்த மாலையோடு வந்தார். சர்க்கரை வியாதிக்காரன் என்று மாற்றிய பிறகும் இந்த வேடத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஏனென்றால் அது உண்மையில் எந்த வியாதி என்று மலை முழுக்கத் தெரிந்திருந்தது. தலைவரின் மகன் சர்வேஷ் பார்க்க நன்றாக இருப்பான், நடிப்பும் வரும். "ஆனா இப்பத்தான் சுங்கை சிப்புட்ல பொண்ணு பேசியிருக்கோம்" என்றார் தலைவர். "அவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க?" வெட்கம் நீக்கும் குழுவினர் எல்லோரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். செல்வராஜு குறித்துக்கொண்டார்.

நடிப்பவரின் மானத்தைக் காப்பாற்ற ஒரு யோசனை வந்தது. 'இவர் நடிக்க மட்டுமே செய்கிறார். உண்மையில் இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை' என்று ஒரு வைத்தியரிடம் சூராட், அதாவது கடிதம், வாங்கி, படத்தின் தொடக்கத்தில் காட்டிவிடலாம். வைத்தியரைக் கேட்டார்கள். பரிசோதித்துப் பார்க்காமல் எழுத முடியாது, பரிசோதிக்க வேண்டுமானால் மனநலப் பிரிவில் பெயர் பதிய வேண்டும் என்று அவர் பதில் அனுப்பினார். ஆக, நோயாளி இல்லை என்று நிரூபித்துவிட்டு நோயாளியாக நடிக்க, முதலில் நோயாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அரைமனதோடு இருந்த ஒரே ஆளும் அதைக் கேட்டு விலகிவிட்டார்.

தலைவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை செல்வராஜுமேல் வந்து நின்றது.

"நம்ம கிராணி நடிக்கட்டும். இவரப் பாத்தா யாருக்காச்சும் சந்தேகம் வருமா? மூஞ்சியக் காட்ட வேணாம். முதுகு போதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வராஜுவும் தட்டினார்.

படப்பிடிப்பு, தேயிலைச் சரிவின் மேலிருந்த ஒரு பலகை இருக்கையில் நடந்தது. இயக்குநர் மகேன், ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் பையன். வைத்தியராக நடித்தவர் ரேகா. சிகாமட்டிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதமே ஆன ஆசிரியை. வெள்ளைக் கோட்டு உண்டென்றால் எந்த வேடமும் சரி என்று சொல்லியிருந்தார்.

"அண்ணே, சோகமா உக்காருங்க" என்றான் மகேன்.

செல்வராஜு அந்தக் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

மகேன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். "இது சோகமாவே இல்லண்ணே. சும்மா பஸ்ஸுக்கு உக்காந்திருக்க மாதிரி இருக்கு."

தலைவர் முன்வந்து நடித்துக் காட்டினார். தலைமயிரைக் கலைத்துக்கொண்டார், நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினார், வானத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு தேம்பினார். இப்படித்தான் இருப்பார்கள், தான் நிறையப் பேரைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். செல்வராஜு கவனமாகக் கற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளாகத் தப்பும் தவறுமாகவே நோயாளியாக இருந்துவிட்டோமோ என்று அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

பூ லோரி கிளம்பும் நேரமாயிற்று. தலைவர் தன் பழைய லேண்ட் ரோவரைப் படக்குழுவுக்காக விட்டுவிட்டு வேறு காரில் போனார். அதற்குப் பிறகுதான் ஸ்வெட்டர் பிரச்சினை வந்தது.

மலைக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது புரியாது. இங்கே ஒருவர் ஒரு ஸ்வெட்டரை வாங்கினால் பத்து வருடம் அதையேதான் போடுவார். காலை மூடுபனியில் முதலில் வருவது ஸ்வெட்டர், ஆள் அப்புறம்தான். வணக்கம் சொல்கிறவர்கள் ஸ்வெட்டருக்கே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டத்து வடிவம்மாள் ஒரு வாரம் தன் தங்கையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடந்ததில், தங்கைக்கு வரவேண்டிய சண்டைகள் இரண்டு அவளிடம் வந்து சேர்ந்தன. செல்வராஜுவுடையது ஊதா நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிப் பதினோரு வருடம். இதோடு முதுகைக் காட்டுவது முகத்தைக் காட்டுவது மாதிரிதான் என்று அவர் தயங்கினார்.

ஈப்போக்காரனான மகேனுக்கு இது விளங்கவில்லை. ஆனாலும் லேண்ட் ரோவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து கடுகு நிறத்தில் ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்து அவர் தலைவழியே மாட்டிவிட்டான். முன்பக்கம் ஒரு வேலைப்பாடும் இல்லை; கடுகு நிற ஸ்வெட்டர் மலையில் நூறு பேரிடம் இருக்கும். பின்னால் மயில் இருக்கிறது, திரையில் நிறம் நன்றாக எழும்பும் என்று மகேன் சொன்னான். ரேகாவும் அழகாக இருப்பதாகச் சொன்னார். செல்வராஜு அதைக் காதில் வாங்கவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

முடிந்த படத்தை மகேன் தலைவரின் கைப்பேசிக்கு அனுப்பினான். பத்து நிமிடப் படம். அதில் முதல் ஆறு நிமிடம் தலைவரின் வரவேற்புரை. அந்த ஆறு நிமிடத்தை மட்டும் தலைவர் மூன்று முறை பார்த்துவிட்டு, எதையும் மாற்ற வேண்டாம் என்று பதில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் திரையிடல். சாப்பாடு உண்டு என்பதால் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் சுங்கை சிப்புட் நாகப்பன் உட்கார்ந்திருந்தார். சர்வேஷுக்குப் பெண் கொடுக்க இருப்பவர். சம்பந்தியின் செல்வாக்கை நேரில் பார்க்கட்டும் என்று தலைவரே வரவழைத்திருந்தார். கடைசி வரிசையில், கதவோரம், கங்கா எப்படியோ வீரப்பனைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்திருந்தாள். அவன் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தான். கங்கா செல்வராஜுவைப் பார்த்தாள். செல்வராஜு புரொஜெக்டரைப் பார்த்தார்.

விளக்கை அணைத்தார்கள். தலைவர் ஆறு நிமிடம் திரையில் பேசினார். பிறகு தேயிலைச் சரிவு வந்தது. பலகை இருக்கை வந்தது. அதில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கடுகு நிற ஸ்வெட்டர். அதன் முதுகில் தோகை விரித்த இரண்டு மயில்கள், நடுவே ஒரு வேல்.

அந்த மயில்களைத் தெரியாதவர் மலையில் கிடையாது. ஒரு தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு தலைவரின் மனைவி தன் கையால் பின்னியது. ஒவ்வொரு தேர் ஊர்வலத்திலும் மலையே அந்த முதுகின் பின்னால்தான் நடந்திருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்த மாரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "கடவுளே. நம்ம தலைவரா?"

அதன் பிறகு படத்தை யாரும் கவனிக்கவில்லை. வைத்தியர் வந்ததையோ இரத்தம் எடுத்ததையோ ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தலைவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவில் அவர் காரணமில்லாமல் கத்தியது ஏன் என்று இப்போது தெரிந்தது. எல்லாச் சங்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது ஏன் என்றும் தெரிந்தது. பாவம், வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

விளக்கு எரிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாரியம்மா முதலில் எழுந்து போய்த் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பசியாறினீங்களாய்யா?" என்று கேட்டார். யாரோ பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக் கொடுத்தார்கள். லோரி ஏற்றும் ஆட்கள் இருவர், ஒரு மாதம் தலைவர் கியா பார்முக்கு வரவே வேண்டாம், தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மேளக்காரர் தகராறில் நான்கு வருடமாகத் தலைவரோடு பேசாத சின்னக்கருப்பன் விபூதித் தட்டோடு வந்து அவர் நெற்றியில் இட்டார். கேலி இல்லை, அருவருப்பு இல்லை, விலகல் இல்லை. மேலிடத்துக் கடிதம் என்ன கேட்டிருந்ததோ அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் இணைப்பில் நூறு விழுக்காடு என்று எழுதியிருக்கலாம்.

தலைவர் அதைத் தடுத்து நிறுத்த மைக்கைப் பிடித்தார்.

"யாரும் தப்பா நெனைக்காதீங்க. ஸ்வெட்டர் என்னோடது, முதுகு என்னோடது இல்ல. எங்க குடும்பத்துல மூனு தலைமொறையா யாருக்கும் இந்த மாதிரி கெடையாது. சம்பந்தி வேணும்னா வெளிய விசாரிச்சுக்கலாம். இந்த வியாதி வந்தவங்கள நாம ஒதுக்கக் கூடாது, அதுக்குத்தான் இந்தப் படமே. ஆனா அத எம்மேல ஒட்டாதீங்க. கீலா, பைத்தியம்னு ஒரு தடவ பேரு வந்துட்டா அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்? எவன் வேல குடுப்பான்? நாளைக்கு எவன் பக்கத்துல உக்காருவான்? நீங்களே சொல்லுங்க."

கடைசி வரிசையில் வீரப்பன் எழுந்தான். கங்கா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். அவன் கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

செல்வராஜு அதைப் பார்த்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஏழு வாரம் ஆகியிருந்தது. கால்கள் எப்படி நடந்தன என்று அவருக்குத் தெரியாது. மைக் அவர் கையில் இருந்தது.

"முதுகு என்னோடதுதான்" என்றார்.

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. நாகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவரின் முகத்தில் இரத்தம் திரும்பியது. வேலை அதோடு முடிந்தது, செல்வராஜு இறங்கிவிட்டிருக்கலாம்.

"ஆனா அது நடிப்பு இல்ல. ரெண்டு வருசமா நான் மாத்திர சாப்புடுறேன். செவ்வாக்கெழம நான் போறது பல்லு டாக்டருகிட்ட இல்ல, மனசு டாக்டருகிட்ட. ஒரு நாளு சட்டப் பட்டன் நாலாவதப் போட முடியாம உக்காந்துட்டேன். வானத்தப் பாத்து சிரிக்கல, தலையில அடிச்சிக்கல. சும்மா உக்காந்திருந்தேன். இப்பப் போட முடியுது. அவ்ளோதான்."

வீரப்பன் கதவருகில் நின்றான். மூன்றாவது வரிசையில் பரமேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் சட்டென்று பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "பாத்தீங்களா, இவருதான் நடிகரு. படம் முடிஞ்சும் பாத்திரத்த விட்டு வெளிய வரல பாருங்க."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அலுவலகத்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்று தட்டினார். பல் விஷயத்தைக்கூட எவ்வளவு நயமாக உள்ளே கொண்டுவந்துவிட்டார் என்று அடுத்தவரிடம் வியந்தார். நாகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சினிமாவிலேயே இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்றார். செல்வராஜு மறுபடியும் மைக்கருகே வாயைக் கொண்டுபோனார். அதற்குள் பொன்னாடை வந்து தலையை மூடியது. நாற்பத்தெட்டு வயதில் அவர் திரட்டிய மொத்தத் துணிச்சலும் அந்த ஆடைக்குள் போய்விட்டது.

கடைசி வரிசையில் மட்டும் யாரும் கைதட்டவில்லை. வீரப்பன் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தான்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மண்டபப் படியில் கங்கா நின்றிருந்தாள். செல்வராஜு பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"கிராணி, அது நடிப்பா?"

"இல்லம்மா."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள். "அவரும் அதத்தான் சொன்னாரு. மூனு மாசத்துல மொத தடவயா வாயத் தொறந்து, 'அவரு நடிக்கல'ன்னாரு."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்கு ஒன்பது பதில்கள் தயாராக இருந்தன. அவள் கேட்கவில்லை. அது அவருக்கு மைக்கைவிடக் கனமாக இருந்தது.

"நாளன்னைக்குச் செவ்வா" என்றார். "காலையில ஆறரைக்கு வர்றேன். ரெடியா இருக்கச் சொல்லு. நானும் உள்ள கூடவே இருப்பேன்."

மறுநாள் அலுவலகத்தில் விடுப்புப் படிவத்தை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் முதல்முறையாக 'மனநல சிகிச்சை' என்று எழுதினார். பிற்பகலில் படிவம் திரும்பி வந்தது. இப்படி ஒரு காரணத்துக்குக் குறியீட்டு எண் இல்லை என்றும், வழக்கம்போல் 'பல்' என்று திருத்தி அனுப்பும்படியும் மேலதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார். கீழே, நேற்றைய நடிப்புக்குப் பாராட்டு. செல்வராஜு 'பல்' என்று திருத்தினார். இந்த முறை அது மேலிடத்து உத்தரவு.

அன்று மாலை சர்வேஷ் ஒரு பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே மயில் ஸ்வெட்டர். நன்றாகத் துவைத்து மடிக்கப்பட்டிருந்தது. இனிமேல் இது தங்கள் வீட்டில் இருக்க வேண்டாம், கிராணியே வைத்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லியனுப்பியதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் தலை குனிந்திருந்தது. நல்ல பையன். படம் அந்த வாரமே மேலிடத்துக்குப் போனது. ஐந்தாம் இணைப்பில் தலைவர் எண்பத்தேழு விழுக்காடு என்று நிரப்பினார்; நூறு என்றால் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை கோலா தெர்லாவில் வீரப்பன் ஒரு மெல்லிய பனியனோடு காரில் ஏறினான். கங்காவுக்கு வேலை இருந்தது. முதலாளியை இரண்டு பேரும் சேர்ந்து சோதிக்க வேண்டாம் என்று அவள் வரவில்லை. தானா ராத்தா தாண்டுவதற்குள் அவன் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. செல்வராஜு பின் இருக்கையிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார். கடுகு நிற ஸ்வெட்டர். அவன் மறுக்காமல் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் செல்வராஜு ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தார். படத்துக்குப் பதினான்கு பக்கம் வசனம் எழுதியவருக்கு ஒரு வரியும் வரவில்லை. முருகா, நீயாவது ஏதாவது சொல் என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டார்.

ரிங்லெட்டில் கந்தனின் தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். பனி இன்னும் கலையவில்லை. செல்வராஜு இரண்டு தேநீர் சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போனார். வீரப்பன் கடைக்கு முதுகைக் காட்டியபடி பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைச் செய்தி ரிங்லெட்டுக்கு வந்திருந்தது. ஆனால் முதல் பாதி மட்டும். கந்தன் குவளையோடு வெளியே வந்து, பனிக்குள் நின்ற இரண்டு மயில்களைப் பார்த்தார். மெல்ல நடந்துபோய்ப் பின்னால் நின்றார்.

"தலைவரே, கேள்விப்பட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். "மனசத் தளர விடாதீங்க. எங்க மாமாவுக்கும் இதே மாதிரிதான். ஒரு வருசம் வீட்ட விட்டு வெளிய வரல. இப்ப பேரப்புள்ளய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. நாங்கல்லாம் இருக்கோம். இந்தாங்க, சூடாக் குடிங்க."

வீரப்பன் திரும்பினான். கந்தன் பார்த்தது தலைவரை இல்லை. மூன்று மாதத் தாடியோடு, கண் கலங்கி நின்ற ஒரு தெரியாத ஆளை. கந்தன் முகத்தைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். காரருகே செல்வராஜு துணியும் கையுமாக விறைத்துப்போய், எப்படி விளக்கம் சொல்வது என்று மனத்துக்குள் முதல் பிரதியை எழுதத் தொடங்கியிருந்தார்.

கந்தன் பிடரியைச் சொறிந்துகொண்டார். "ஆளு வேறயா" என்றார். பிறகு குவளையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "பரவால்லலா தம்பி. ஒங்களுக்கும் அதேதான். ஆறிடப்போவுது, குடிங்க."

வீரப்பன் இரண்டு கைகளாலும் குவளையை வாங்கிக்கொண்டான். ஊதினான். ஒரு வாய் குடித்தான்.

"சீனி கொஞ்சம் பத்தலண்ணே" என்றான்.

கந்தன் சீனி டப்பாவை எடுத்துவர உள்ளே போனார்.